சந்தனம் பூசிய தக்கை

பத்துமலையைச் சோம்பேறி என்று வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. வீண்பழி. ரப்பர் ஆலையின் எண்ணெய் இஞ்சினுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்று பாருங்கள், உங்களுக்கும் கண் சொருகும். விடியும் முன்னே டுப் டுப்பென்று ஆரம்பித்தால் சாயங்காலம் வரை அந்தச் சத்தம் ஓயாது. காது வழியாக உள்ளே போய்த் தலைக்குள் ஒரு தூளியைக் கட்டி ஆட்டிக்கொண்டே இருக்கும். அவன் பாதித் தூக்கத்தில் நடப்பான், பாதித் தூக்கத்தில் சாப்பிடுவான். ஆனால் வேலையில் ஒரு நாளும் தப்பு விட்டதில்லை. அதை மட்டும் எவனும் சொல்லமாட்டான், வாய் வலிக்கும் போல.

இஞ்சினை ஓட்டுவது உடையப்பன். பத்துமலையின் பொறுப்பு, கொட்டகைக்கு வெளியே நிற்கும் எண்ணெய் டாங்கி. ஈப்போ ஸ்டேஷனில் இறங்கும் பீப்பாய்கள் சிலிபின் ஊர் வழியாக மாட்டுவண்டியில் வந்து சேர்ந்ததும் அவன்தான் எண்ணெயை டாங்கியில் ஏற்றவேண்டும். டாங்கியைச் சுற்றி இடுப்பளவுக்கு ஒரு செங்கல் சுவர். எண்ணெய் ஒழுகினாலும் அந்தச் சுவருக்குள்ளேயே நிற்கட்டும் என்று தோட்டத்துத் துரை கட்டவைத்தது. நல்ல யோசனைதான். ஆனால் பேராக்கில் மழை யாரைக் கேட்டுக்கொண்டு பெய்கிறது? சுவருக்குள் மழைத்தண்ணீர் குளமாக நிற்கும். அதை வெளியே விட அடியில் ஓர் ஓட்டை, ஓட்டைக்கு ஒரு தக்கை. கெட்டியான செங்கால் மரத்தில் கடைந்தது, முழங்கை நீளம், ஒரு முனை தடித்து மறுமுனை சிறுத்தது.

மழை விட்டதும் பத்துமலை வெளியே குந்தி உட்கார்ந்து தக்கையை லேசாகத் திருகி இழுப்பான். அடியில் நிற்கும் தண்ணீர் வெளியேறி, பாரிட் வாய்க்கால் வழியாகச் சுங்கை என்கிற சிற்றாற்றில் போய் விழும். சிந்திய எண்ணெய் மேலே மிதந்தபடி, தண்ணீர் குறையக் குறையக் கீழே இறங்கிவரும். ஓடும் தண்ணீரில் வானவில் நிறம் ஒரு நூலளவு தெரிந்ததோ இல்லையோ, தக்கையைத் தட்டி இறுக்கிவிடவேண்டும். அந்த நேரத்தில் மட்டும் அவன் கண்ணில் தூக்கம் இருக்காது. லயத்து வரிசை வீடுகளின் சனம் அத்தனையும் தண்ணீர் மொள்ளும் துறை அந்தச் சுங்கையில்தான் இருக்கிறது.

முன்னொரு வருஷம், சுங்கையின் மேல்பக்கத்தில் ஓர் ஈயச் சுரங்கத்திலிருந்து எண்ணெய் இறங்கி வந்தது. யார் விட்டது, எப்படி விட்டது என்று கேட்க நாதியில்லை. துறை முழுக்கக் கறுப்பு. சனங்கள் வேறு வழியில்லாமல் கீழே சதுப்புக் குட்டையில் மொண்டு குடித்தார்கள். லயத்தில் வயிற்றுப்போக்கு கிளம்பியது. பத்துமலைக்கும் மங்களத்துக்கும் ஒரே மகள், பாப்பா என்றுதான் பெயரே. கொலுசு போட்டுத் தத்தித் தத்தி நடக்கப் பழகியிருந்தாள். அவளும் போய்விட்டாள். அந்த வருஷம் மங்களம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட தீச்சட்டியை எடுக்காமல் விட்டிருந்தாள், அதனால் சாமி குத்தம் என்று ஊர் சொன்னது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் இப்படியா சொல்வார்கள்? சொன்னார்கள். மங்களம் பதில் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து சாமி காரியம் எதிலும் ஒரு குறை வைப்பதில்லை.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். ஆயுத பூசை வந்தது.

அந்த ஒரு நாள் மட்டும் இஞ்சின் ஓடாது. பால்வெட்டும் கத்திகள், கொல்லனின் சுத்தியல், கணக்கெழுதும் கிராணியின் பேனா, ரப்பர் பாலில் நுரை வழிக்கும் பலகைகள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையின் அகப்பைகூட இஞ்சின் கொட்டகைக்கு வந்துவிடும். வாசலில் குலையோடு இரண்டு வாழை மரங்கள் நிற்கும். சந்தனம், குங்குமம் வைத்து எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் படைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமிக் காலையில் மறுபூசை போடும்வரை எதிலும் கை வைக்கக்கூடாது. ஆயுதங்கள் ஓய்வெடுக்கின்றன. தொட்டால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

பத்துமலைக்கென்று சொந்தமாக ஓர் ஆயுதம் கிடையாது. ஸ்பானர்கள் எல்லாம் உடையப்பனுடையவை. போன வருஷப் பூசையில் அவன் வெறுங்கையோடு வந்து நின்றபோது உடையப்பன் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"என்ன மச்சான், ஒன் தலகாணியக் கொண்டாந்து வெக்கிறதுதானே?"

கொட்டகையே சிரித்தது. பத்துமலையும் சேர்ந்து சிரித்தான். மங்களம் சிரிக்கவில்லை. அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள். இந்த வருஷம் காலையில் டாங்கிச் சுவரின் உட்புறத்தைக் கழுவிவிட அவளும் வந்தாள். கழுவிய தண்ணீர் ஓட்டை வழியாக ஓடி முடிந்ததும், சுவர்மேல் கிடந்த தக்கையை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். கறுத்த கட்டை செம்மண் நிறத்துக்கு வந்தது.

"இது எதுக்கு?" என்றான் பத்துமலை.

"ஒங்க கை படுற சாமான் ஒண்ணு சாமி முன்னால இருக்கணும். இந்த வருசம் இருந்தே ஆகணும்."

"மழ வந்தா?"

"வானத்தப் பாருங்க, தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு. இஞ்சினே தூங்குது. டாங்கிக்கு மட்டும் என்னா வேல?"

வாயும் வயிறுமாக இருப்பவள் கேட்கிறாள், மறுத்துப் பேச அவனுக்கு மனம் வரவில்லை. தக்கை சந்தனம் பூசிக்கொண்டு கத்திகளுக்கும் சுத்தியலுக்கும் நடுவில் கம்பீரமாகப் படுத்துக்கொண்டது. தோட்டத்துக் கோயிலுக்குப் பூசை செய்யும் சன்னாசிப் பண்டாரம் அதற்கும் ஒரு செம்பருத்தி வைத்தார்.

உடையப்பன் சும்மா இருப்பானா? ஒரு செவ்வந்தி மாலை மிச்சமிருந்தது. தண்ணீரில் ஊறிய கனத்த மாலை. டாங்கியின் பக்கவாட்டில் டின்னுக்கு எண்ணெய் பிடிக்கும் சின்னக் குழாய் ஒன்று உண்டு. அதன் பிடியில் மாலையை மாட்டிவிட்டு, "டாங்கிக்கும் இன்னிக்குக் கல்யாணம்லா" என்றான். பிடி கீழே இறங்கினால் குழாய் திறந்துகொள்ளும். அது அவனுக்கும் தெரியும், பத்துமலைக்கும் தெரியும். காலையில்தான் இரண்டு பேருமாக அந்தக் குழாயைத் தேய்த்துப் பளபளவென்று எண்ணெய் போட்டிருந்தார்கள். பூவுக்கு எடை உண்டென்று யாருக்குத் தோன்றும்?

படையல் முடிந்தது. சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் தின்றுவிட்டுச் சனங்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். பத்துமலை டாங்கி நிழலில் சாக்கை விரித்துப் படுத்தான். வழக்கமாகப் படுத்த உடனே தூங்கிவிடுகிறவனுக்கு அன்று தூக்கம் வரவில்லை. இஞ்சின் சத்தம் இல்லாத பகல் அவனுக்கு வேறு ஊர் மாதிரி இருந்தது. ரப்பர் காய் வெடிப்பது கேட்டது. தூரத்தில் சுண்ணாம்புப் பாறை மலைகள் வெயிலில் வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல் நின்றன. அங்கிருந்து ஏதோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது. காற்று வந்தபோது மரங்கள் ஒவ்வொன்றாகத் தலையசைத்து, அசைவு அவனைத் தாண்டிப் போனது. எப்போது கண்ணை மூடினான் என்று அவனுக்கே தெரியாது.

கனவில் பாப்பா சுங்கையில் நின்றாள். தண்ணீர் அவள் கொலுசுக்கு மேல் ஏறவில்லை. கால் வைத்த இடத்திலெல்லாம் நிறம் கிளம்பியது. ஊதா, பச்சை, மயில்கழுத்து நீலம். அவை வட்டம் வட்டமாக விரிந்து அவளைச் சுற்றின. கையில் ஒரு செம்பு. அதைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். செம்பு காலியாகவில்லை. 'போதும் பாப்பா, வா' என்று இவன் கூப்பிட்டான். அவள் இவனைப் பார்த்துச் சிரித்தாள், ஊற்றுவதை நிறுத்தவில்லை. சொளசொளவென்ற அந்தச் சத்தம் அவ்வளவு சுகமாக இருந்தது.

கண்ணைத் திறந்தான். பாப்பா இல்லை. சத்தம் இருந்தது.

எழுந்து சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தான். மாலை தன் பாரத்தில் சரிந்து குழாயின் பிடியைக் கீழே இழுத்திருந்தது. எண்ணெய் விரல் தடிமனில் செவ்வந்திப் பூக்களின் மேல் வழிந்து கொட்டிக்கொண்டிருந்தது. சுவரைத் தாண்டி உள்ளே குதித்தான். முதல் காரியமாக மாலையைப் பிய்த்து எறிந்து குழாயை மூடினான். உதிர்ந்த பூக்கள் ஓட்டையை அரைகுறையாக அடைத்ததில் முழங்கால்வரை எண்ணெய் தேங்கியிருந்தது. அதுவும் நிற்கவில்லை, தக்கை இல்லாத ஓட்டையை நோக்கி மெல்லச் சுழன்று போய்க்கொண்டிருந்தது.

தலைத்துண்டை உருட்டி ஓட்டையில் திணித்தான். ஊறிக் கனத்து வெளியே பிதுங்கியது. மண்ணை அள்ளி வைத்து அப்பினான். கரைந்தது. அந்த ஓட்டை அந்தத் தக்கைக்கென்றே செய்தது, வேறெதற்கும் மசியவில்லை. எண்ணெய் பாரிட்டில் இறங்கி ஒரு கறுப்புப் பட்டையாகச் சுங்கைப் பக்கம் நகர்ந்தது. மலைகளின் பக்கம் பார்த்தான். வெள்ளைப் பாறைகள் இருந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் மழை நின்றது. ஓட்டையை எப்படியாவது அடைத்துவிட்டாலும், மழைத்தண்ணீர் அடியில் புகுந்து எண்ணெய் முழுவதையும் சுவருக்கு மேலே தூக்கிவிடும். தக்கை வேண்டும். சும்மா அடைத்து வைத்தாலும் போதாது, மழை முடியும்வரை திறந்து திறந்து மூடவேண்டும்.

இஞ்சின் கொட்டகை வாசலில், அணையா விளக்குக்குத் திரி தூண்டிக்கொண்டு மங்களம் உட்கார்ந்திருந்தாள். மறுபூசைவரை விளக்கை அணையவிடுவதில்லை என்று நேர்ந்திருந்தாள். பக்கத்தில் சன்னாசிப் பண்டாரம் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். இடுப்புக்குக் கீழே கறுப்பாக வந்து நின்ற பத்துமலையைப் பார்த்து அவர்தான் முதலில் எழுந்தார்.

"கொழாய் தொறந்துகிச்சு. தக்க வேணும்" என்றான்.

பண்டாரம் குறுக்கே வந்தார். "தம்பி, மறுபூச போடாம கை வெக்காத. புள்ளத்தாச்சி இருக்கிற வீடு. போன தடவ பட்டது போதாதா?"

பத்துமலை மங்களத்தைப் பார்த்தான். எண்ணெய் கொட்டினால் வேலை போகும், துரையிடம் அடிகூட விழும். அதெல்லாம் அவனுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவள் வயிற்றில் இருப்பதற்கு ஒன்று ஆகிவிட்டால், காலத்துக்கும் இந்தக் கை, இந்தத் தக்கை என்றுதான் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

"வேணாம். நான் போய் ஓட்டையில முதுக வெச்சு ஒக்காந்துக்கிறேன்" என்று திரும்பினான்.

"நில்லுங்க. எண்ணெ தண்ணித்தொறைக்குப் போயிருச்சா?" என்றாள் மங்களம்.

"பாரிட்ல போய்க்கிட்டு இருக்கு."

அவள் தரையில் கையூன்றி எழுந்தாள். விளக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், வரிசையில் இருந்த தக்கையை எடுத்தாள். செம்பருத்தி கீழே விழுந்தது.

"பாப்பாவ சாமி எடுக்கல பண்டாரய்யா. தண்ணிதான் எடுத்துச்சு. நீங்கெல்லாம் சொன்ன அன்னிக்கே நான் இதச் சொல்லிருக்கணும்." குரல் உயரவில்லை. தக்கையைப் புருஷனிடம் நீட்டினாள். "எடுத்துட்டுப் போங்க. எனக்கு இந்தப் புள்ள வேணும்."

அவன் ஓடினான். தக்கை உள்ளே போனதும் ஓட்டை வாயை மூடிக்கொண்டது.

பண்டாரம் கீழே விழுந்த செம்பருத்தியை எடுத்து விளக்கடியில் வைத்தார். அந்த மனிதரைக் குறை சொல்வதற்கில்லை, தெரிந்ததைச் சொன்னார். பிறகு அவரே உள்ளே போய், படையலில் இருந்த அரிவாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாசல் வாழை மரங்கள் இரண்டையும் அடியோடு வெட்டிச் சாய்த்தார்.

"சுங்கைக்கு இழுங்க. குறுக்க மெதக்க விட்டா நிக்கும்" என்றார்.

சத்தம் கேட்டு வந்த உடையப்பனுக்குத் தரையில் கிடந்த மாலையைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. அவன் வாயிலிருந்து அன்று முழுக்க ஒரு கேலி வரவில்லை. வாழை மரத்தைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு ஓடினான்.

துறையில் ரோசம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். ஆலையில் பால் தொட்டிகளில் நுரை வழிப்பது அவள் வேலை. மாதா கோயிலுக்குப் போகிறவள் என்றாலும் அவளுடைய பலகையும் வருஷா வருஷம் பூசையில் இருக்கும். உடையப்பன் விஷயத்தைச் சொல்வதற்குள் மேல்பக்கத்திலிருந்து நிறங்கள் வருவதை அவளே பார்த்துவிட்டாள்.

"யாரும் கொடத்த எறக்காதீங்க. மேல ஏறுங்க. மழ வருது, கூரைத் தண்ணியப் புடிச்சு வைங்க. குட்டைக்கு ஒருத்தியும் போகக்கூடாது" என்று பெண்களை விரட்டினாள். அப்புறம் உடையப்பனிடம், "எம் பலகைங்கள எடுத்தாங்கண்ணே" என்றாள்.

துறைக்கு மேலே சுங்கை ஒடுங்கும் இடத்தில் வாழை மரங்களைக் குறுக்கே மிதக்கவிட்டு இரண்டு கரையிலும் கட்டினார்கள். இடைவெளிகளில் லாலான் புல்லைக் கத்தை கத்தையாகச் செருகினார்கள். தண்ணீர் மரங்களுக்கு அடியில் நுழைந்து போயிற்று. எண்ணெய் மட்டும் வந்து முட்டி, போக வழி தெரியாமல் நின்றது. மேகம் கவிந்த வெளிச்சத்தில் அந்த நிறங்கள் அசைந்ததைப் பார்த்து ஒரு கணம் எல்லோருக்கும் கை ஓய்ந்துவிட்டது.

"பாக்க நல்லாத்தான் இருக்கு, சனியன்" என்றாள் ரோசம்மா.

பலகையைத் தண்ணீர்மேல் படுக்கவைத்து மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள். பால் நுரையை வழிக்கிற அதே இழுப்பு, அவசரப்பட்டால் கலந்துவிடும். எண்ணெய் சுருண்டு பலகையோடு வந்தது. பண்டாரம் அகப்பையால் அள்ளி டின்னில் ஊற்றினார். மங்களம் கொட்டகையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பலகைகள் போயின, அகப்பை போனது, வாளிகள் போயின, பாரிட்டில் அணை போட மண்வெட்டிகள் போயின. சாமி முன்னால் ஓய்வெடுக்க வந்தவை அத்தனையும் வேலைக்குக் கிளம்பிவிட்டன. கிராணியின் பேனா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. அதனால் யாருக்கு என்ன உபயோகம்?

மழை வந்து இறங்கியபோது அள்ளவேண்டியதில் பெரும்பங்கை அள்ளிவிட்டார்கள்.

இனி எல்லாம் பத்துமலை கையில். சுவருக்கு வெளியே சேற்றில் உட்கார்ந்து தக்கையைப் பிடித்துக்கொண்டான். மழை எண்ணெயைத் துளைத்து அடியில் போய்த் தங்கியது. லேசாகத் திருகினான், தண்ணீர் வந்தது. நூலளவு நிறம் தெரிந்ததும் தட்டி இறுக்கினான். மறுபடி திருகினான். உலகமே மழைக்குள் கரைந்துவிட்டிருந்தது. ரப்பர் மரங்களும் மலைகளும் போய்விட்டன. சின்ன ஓட்டை ஒன்றும் அதில் வந்து போகும் தண்ணீரும் மட்டும் மிச்சம். தக்கையில் ஒட்டியிருந்த சந்தனம் கரைந்து அவன் விரலிடுக்கில் வழிந்தது.

தலைக்கு மேல் மழை நின்றதுபோல் இருக்கவே அண்ணாந்து பார்த்தான். மங்களம் பெரிய சேம்பிலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நனையாத, உள்ள போ."

"வெளக்கு அணஞ்சிருச்சு" என்றாள். சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தக்கையைத் தட்டி இறுக்கிவிட்டு அவன் சொன்னான்.

"பாப்பா வந்துச்சு."

"எங்க?"

"தூக்கத்துல. சுங்கையில நின்னு தண்ணி ஊத்திக்கிட்டே இருந்துச்சு. கூப்பிட்டேன், வரல."

மங்களம் இலையைக் கை மாற்றிக்கொண்டாள். அவள் முகத்தில் ஓடியது மழையா கண்ணீரா என்று பார்க்கவேண்டியதில்லை, அழுதாள். பாப்பா போன பிறகு அவள் அழுது அவன் பார்த்தது அதுதான் முதல்தடவை.

"ஒங்கள எழுப்பிவிட வந்திருக்கும்" என்றாள்.

விஜயதசமிக் காலையில் மறுபூசைக்கு வந்தவர்கள் எண்ணெய் நாற்றமடிக்கும் ஆயுதங்களைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்கள். பண்டாரம் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் தேங்காயை உடைத்தார். பிறகு தீபத்தட்டோடு வெளியே வந்து, டாங்கிச் சுவருக்கு முன்னால் மண்டியிட்டு, ஓட்டையில் இருந்த தக்கைக்கு அங்கேயே காட்டினார். இனி வருஷா வருஷம் அதற்கு அங்கேதான் பூசை என்றார்.

அதன் பிறகு எல்லோரும் துறைக்கு நடந்தார்கள். மழை கழுவிய சுங்கை கரை நிறைய ஓடிக்கொண்டிருந்தது. மேலே பனி படர்ந்திருந்தது. வாழை மரங்கள் கட்டிய இடத்தில் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. பெண்கள் இடுப்பில் குடத்தோடு கரையில் நின்றார்கள். ஒருத்தியும் இறங்கவில்லை. மங்களம் முன்வரிசையில், ஒரு கையைக் குடத்தின்மேலும் ஒரு கையை வயிற்றின்மேலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

பத்துமலை இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். கைகளைச் சாம்பலும் புளியும் போட்டுக் கழுவிக்கொண்டு வந்திருந்தான். குனிந்து வெகுநேரம் பார்த்தான். நூலளவு நிறமும் இல்லை. இரண்டு கையாலும் அள்ளி முகர்ந்தான். பிறகு குடித்தான்.

"எப்படி இருக்கு?" என்றாள் மங்களம்.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"தண்ணி மாதிரி இருக்கு."

மங்களம் படியில் இறங்கிக் குடத்தை அவனிடம் நீட்டினாள்.